இருபத்து நாலு நோவுச் சொற்கள்

தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் நடுவே போடப்போகும் எல்லை இந்தப் பக்கம் விழுந்தாலும் அந்தப் பக்கம் விழுந்தாலும் வீட்டில் ஒரு பிள்ளைக்காவது வேலை கிடைத்துவிட வேண்டும் என்பது என் அப்பாவின் திட்டம். அதனால் அக்காவைத் தமிழ்ப் பள்ளியிலும் என்னை மலையாளப் பள்ளியிலும் சேர்த்தார். பாறசாலைப் பக்கம் அன்று பல வீடுகளில் இதே கதைதான். பிள்ளைகளைப் பங்கு பிரித்து இரண்டு மொழிக்கும் கொடுத்துவிட்டு, சர்க்கார் என்ன சொல்லப்போகிறதோ என்று காத்துக் கிடந்தோம்.

அப்பா மிஷன் டிஸ்பென்சரியில் கம்பவுண்டர். அக்கா அவரிடமிருந்தே கட்டுப்போடப் படித்து, பிறகு ஓர் ஆஸ்பத்திரியில் இரண்டு வருடம் நர்ஸ் பயிற்சியும் முடித்தாள். அவள் கட்டுப் போட்டால் புண்ணுக்கே வலிக்காது என்பார்கள். ஆனால் வேலைக்குப் போனால் இங்கே மலையாளம் எழுதத் தெரியுமா என்று கேட்டார்கள். தெற்கே தமிழ்ப் பக்கம் போனால், ஊர் எந்தப் பக்கம் சேரும் என்று தெரிந்தபிறகு வா என்றார்கள். ஊர்வலமும் தடியடியும் கடையடைப்புமாகக் கிடந்த காலம் அது.

நானோ திருவனந்தபுரத்தில் கல்லூரியில் சேர்ந்து, இரண்டாம் மொழியாகப் பிரெஞ்சு எடுத்திருந்தேன். எதற்கு? பவுசுக்குத்தான். ஊருக்கு வரும்போதெல்லாம் சர்ச் முற்றத்தில் நின்று நாலு வரி எடுத்துவிடுவேன். சரியா தப்பா என்று அங்கே யாருக்குத் தெரியும்? வாயைப் பிளந்து கேட்டார்கள். வகுப்பில் நான் கடைசி பெஞ்சு, இரண்டு பரீட்சையில் கோட்டை விட்டவன் என்பதை வீட்டில் மூச்சு விடவில்லை.

அப்போதுதான் எங்கள் சபையிலிருந்து புதுச்சேரிக்குப் போயிருந்த ஒரு அம்மாள் அக்காவுக்குக் கடிதம் எழுதினார். அங்கே கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை காலி. தமிழ் தெரிந்தால் போதும், எந்த ஊர் என்று கேட்க மாட்டார்கள். ஆனால் நோயாளி சொல்வதை மேலே இருக்கும் சிஸ்டரிடம் பிரெஞ்சில் சொல்லத் தெரிய வேண்டும். பிரெஞ்சு எழுத அவருக்கும் தெரியாததால், கேட்கக்கூடிய இருபத்து நாலு சொற்களை இங்கிலீஷில் எழுதி அனுப்பியிருந்தார். எல்லாம் ஒரே குடும்பத்துச் சொற்கள்: வலி, குத்தல், காயம், புண், கன்றிப்போனது, வீக்கம், தீக்காயம்.

அக்கா தாளோடு ஓடி வந்தாள். “மக்கா, ஒனக்கு இதெல்லாம் அறியும்லா? எழுதித் தா.”

எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. வலிக்கு ‘துலேர்’. மற்றதெல்லாம் இருட்டு.

கல்லூரிக்குப் போய் அகராதியைப் பார்க்கலாம் என்றால் கடையடைப்பில் பஸ் ஓடவில்லை. நெய்யாற்றின்கரையில் ஒரு வாத்தியார் வீட்டில் பிரெஞ்சு அகராதி இருந்தது. அக்காவுக்கும் அது தெரியும். “சந்தேகம் உண்டுன்னா சொல்லு. நானும் வாறேன், நடந்தே போலாம்” என்றாள்.

“எதுக்கு? எனக்குத் தெரியாதாக்கும்?” என்றேன். அந்தத் திமிரை இன்று நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

உட்கார்ந்து எழுதினேன். இங்கிலீஷ் சொல்லை எடுத்து, கடைசியில் பிரெஞ்சு மாதிரி ஒரு வாலை ஒட்டினேன். புண்ணுக்கு இருந்த வூண்ட் என்பதை ‘வூந்தே’ ஆக்கினேன். கன்றிப்போனதற்கு இருந்த ப்ரூஸ் ‘ப்ரூசியோன்’ ஆனது. எட்டாவது சொல்லுக்குள் கை பழகிவிட்டது. கொஞ்சம் ரசித்தே எழுதினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அக்கா ஐந்து நாள் மரச்சீனிக் கிழங்கு வெட்டிக்கொண்டும் துணி துவைத்துக்கொண்டும் அவற்றை உருப்போட்டாள். நான் கேள்வி கேட்டு, உச்சரிப்பு வேறு திருத்தினேன்! பாவி.

பஸ் மறுபடி ஓடியதும் அவளோடு அப்பா புதுச்சேரிக்குப் போனார். திருநெல்வேலி வரை பஸ், பிறகு ரயில். ஒரு வாரம் கழித்துத் திரும்பியபோது அப்பா அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அக்கா சாதாரணமாகக் குளித்துச் சாப்பிட்டாள். பிறகு கிணற்றடிக்கு என்னைக் கூப்பிட்டாள்.

“வார்டுக்குக் கூட்டிட்டுப் போனாவ. ஒரு கிழவிக்கு கால்ல பெரிய புண்ணு. இது என்னன்னு சிஸ்டர் கேட்டா. நான் சத்தமா ‘வூந்தே’ன்னு சொன்னேன். ரெண்டு நர்சு வாயைப் பொத்திச் சிரிச்சாளுவ. சிஸ்டர் சிரிக்கல. அடுத்தது கேட்டா, அடுத்தது கேட்டா. கடைசில, இத யாரு படிப்பிச்சான்னு கேட்டா.”

“நீ என்ன சொன்ன?”

“நானே படிச்சதாக்கும்னு சொன்னேன். அப்பாட்டயும், பயத்துல எல்லாம் மறந்து போச்சுன்னு சொல்லிட்டேன்.” வாளியை இழுத்துத் தண்ணீரைக் குடத்தில் ஊற்றினாள். “எலே, அறியாதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நான் ஒருத்தியாவது அந்த வாத்தியார் வீட்டுக்கு நடந்து போயிருப்பேனே.”

ஏச மாட்டாளா, ஓங்கி அறைய மாட்டாளா என்று இருந்தது. அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அப்பாவிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று அன்றே முடிவு செய்தேன். நாளை நாளை என்று தள்ளினேன்.

எல்லையும் ஒரு வழியாக விழுந்தது. தெற்கே உள்ள தாலுகாக்கள் தமிழ்நாட்டுக்குப் போயின. நாங்கள் கேரளத்தில் நின்றோம். எனக்கு மலையாளம் இருந்தது, ஆபீஸ் வேலை கிடைத்தது. அக்கா அப்பாவின் டிஸ்பென்சரியில் சம்பளமில்லாமல் கட்டுப் போட்டாள்.

அடுத்த வருடம் அவளைப் பெண் பார்க்க அம்பூரியிலிருந்து வந்தார்கள். இவ்வளவு படித்த பெண்ணை ஏன் வேலைக்கு அனுப்பவில்லை என்று மாப்பிள்ளையின் அப்பா கேட்டார். அக்கா அப்போதுதான் சாயா கொண்டுவந்து வைத்துக்கொண்டிருந்தாள்.

அப்பா சிரித்தார். “கைவேல நல்லா அறியும். புத்திதான் கொஞ்சம் கம்மி. நல்லதா ஒரு வேல வந்து, இருபத்து நாலு வார்த்த படிக்க முடியல்ல. இந்தா இருக்கானே தம்பிக்காரன், இவன் அஞ்சு நாளு கூட இருந்து படிப்பிச்சும் ஏறல்ல.”

வந்தவர் என் பக்கம் திரும்பினார். “அப்படியா மோனே?”

அக்கா தட்டோடு அப்படியே நின்றாள். அவள் என்னைப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது.

“ஆமா” என்றேன்.