பம்பு சுமந்த இடுப்பு

மலேசியாவின் ஈப்போ மருத்துவமனை நடைபாதை நாற்காலியில், செல்வியின் கைப்பையைப் பிடித்துக்கொண்டு எட்டு வருடம் உட்கார்ந்திருக்கிறேன். டாக்டர் அறைக்குள் போகிறவள் அவள்தான். அன்று தாதி என் பெயரைக் கூப்பிட்டபோது, தவறுதலாக இருக்கும் என்று நான் எழவே இல்லை.

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் பதினோரு வருடம் முதுகில் பம்பைச் சுமந்து பூச்சிமருந்து அடித்தவன் நான். பிள்ளை இல்லை என்றதும் சோதனை, மாத்திரை, விரதம் எல்லாம் என் மனைவி செல்விக்குத்தான். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் போயிருக்க மாட்டேன். மீசை நன்றாகத்தானே வளர்கிறது என்ற நினைப்பு.

புதிதாக வந்த டாக்டரம்மா என் விந்தையும் சோதிக்கச் சொன்னார். முடிவு: அசூஸ்பெர்மியா (விந்தில் உயிரணு ஒன்றுகூட இல்லாத நிலை). செல்விக்கு எந்தக் குறையும் இல்லை.

வேலையைப் பற்றி விசாரித்தார். "பம்பை எப்படி மாட்டுவீங்க? செஞ்சு காட்டுங்க" என்றார்.

காட்டினேன். முதுகுப் பம்பின் மூடி ஒழுகும். மலைக் குளிரில் அந்த ஈரம் இடுப்பில் இறங்கினால் நடுங்கும். அதனால் எங்கள் ஆட்கள் உரப்பையின் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக்கைச் சட்டைக்கு அடியில் சுற்றி, கால்சட்டைக்குள் செருகிக்கொள்வோம். கதகதப்பாக இருக்கும். மேலிருந்து வடிந்த மருந்து அதற்குள் இறங்கி, மதியம்வரை தோலோடு ஒட்டிக் கிடந்தது அவர் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. புது ஆட்களுக்கு நானே கட்டிவிட்டிருக்கிறேன்.

இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது என்றார். ஆனால் சில பூச்சிமருந்துகள் தோல் வழியாகப் போய் விந்தகத்தை (உயிரணு உருவாகும் இடம்) கெடுக்கலாம். புது உயிரணு உருவாக ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். மருந்தை விட்டு விலகியிருந்து பார்க்கலாம் என்றார்.

தோட்டத்தில் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் கிராணியிடம் கெஞ்சித் தேயிலை ஆலைக்கு மாறினேன். இடுப்பு வலி என்று எல்லோரிடமும் சொன்னேன். அறிக்கையை வெளியே சொல்லவேண்டாம் என்று செல்வியிடம் கேட்டேன். அவளும் சொல்லவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டு மூன்று மாதம் நடமாடினேன். அடுத்த சோதனையிலும் ஒன்றும் இல்லை.

அந்த வாரம்தான் தம்பி மனைவிக்கு வளைகாப்பு. வீட்டின் மூத்த மருமகள் செல்வி. அவளை அடுப்படியில் இருக்கச் சொல்லிவிட்டு, வளையல் தட்டை மற்ற பெண்களிடம் கொடுத்தார் அம்மா. செல்வி மறுபேச்சில்லாமல் புளிச்சோறு கிளறிக்கொண்டிருந்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது. கூடத்தின் நடுவே போய் நின்றேன்.

"அம்மா, கொறை எனக்குத்தான். டாக்டர் சொல்லிட்டாங்க. செல்விக்கு ஒன்னுமில்ல. தட்டை அவகிட்ட குடுங்க."

"ஆம்பளைக்கு அப்படியெல்லாம் இருக்காதுடா" என்றார் அம்மா. தட்டு அடுப்படிப் பக்கம் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் செல்வி நன்றி சொல்வாள் என்று நினைத்த மடையன் நான். அவள் சேலைகூட மாற்றாமல் உட்கார்ந்தாள்.

"மூணு மாசம் மறைச்சதுகூடப் பரவால்லங்க. எட்டு வருஷம் நான் பட்டினி கெடந்தப்ப, ஒரு நாளாச்சும் 'நானும் போய்ப் பாக்குறேன்'னு சொல்லியிருக்கலாம் லா."



மறுநாள் மருந்தடிக்கும் ஆட்களிடம் போய் அந்தப் பிளாஸ்டிக்கைக் கட்டாதீர்கள் என்றேன். சிரித்தார்கள். இரண்டு பேர் மட்டும் சிரிக்கவில்லை. பிள்ளைக்காகக் காத்திருக்கும் அவர்களைப் போன்றவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மனைவியை அனுப்புவதற்கு முன்னால் நீங்கள் போய்ச் சோதித்துக்கொள்ளுங்கள்.

போன மாதச் சோதனையில் சில உயிரணுக்கள் தெரிந்தன. போதாது, ஆனால் நல்ல அறிகுறி என்றார் டாக்டர். கம்போங் ராஜா வழியாகப் பேருந்து மலையேறும்போது செல்வியிடம் சொன்னேன். சரி என்றாள், சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இப்போது குளிக்கும்போது இடுப்பில் கை வைத்தால் வேறு யாருடைய உடம்பையோ தொடுவதுபோல் இருக்கிறது. நாட்களை மும்மூன்று மாதமாக எண்ணுகிறேன். உடம்பு தன்னைச் சரிசெய்துகொள்ள அத்தனை நாள் வேண்டுமாம். செல்விக்கு எத்தனை நாள் வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. அவளும் சொல்லவில்லை.