சேவலின் தலையில் வைத்த கை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில், மலாயாவில் ஈப்போ பக்கம் நான் ரப்பர் பால் வெட்டிய தோட்டத்தில், அறுப்பின் பண்டிகைக்கு ஒரு நொண்டிச் சேவலைத்தான் காணிக்கையாகக் கொண்டுபோனேன். ரப்பர் மரத்தில் ஏது அறுப்பு என்று கேட்காதீர்கள்; பிறந்த ஊர் வழக்கத்தை நாங்கள் விடவில்லை.

வேதக்கோயிலில் உபதேசியார் பைபிளிலிருந்து லேவியராகமம் வாசித்தார். ஆடோ மாடோ, பலி கொடுக்கிறவன் அதன் தலையில் தன் கையை வைக்க வேண்டுமாம்.

"ஏன் தெரியுமா? 'ஆண்டவரே, இது ஆடு இல்ல, நான்தான்'னு சொல்றதுக்குலா!"

மடியிலிருந்த சேவலின் தலையில் கை வைத்துப் பார்த்தேன். வெடுக்கென்று எடுத்துவிட்டேன். நானா இது? எழுந்து ஒரே ஓட்டமாக லயத்து வீட்டுக்கு ஓடினேன்.

என் உயிருக்கு உயிரான சண்டைச் சேவலைக் கூண்டிலிருந்து இழுத்தபோது, பின்னாலேயே ஓடிவந்த மனைவி கத்தினாள்.

"ஏங்க, அதப் போயா? அந்த நொண்டியே போதுங்க!"

"அப்ப சாமி என்னைய நொண்டின்னு நெனச்சுக்கட்டுமா?"

மூச்சிரைக்கத் திரும்பிவந்து, ரப்பர் பால் வாடை போகாத கையை அதன் தலையில் வைத்தேன். அது திமிறியது. எனக்குள்ளும் ஏதோ திமிறியது. கொடுத்துவிட்டேன்!

பத்து வருஷமாகக் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தவன், அன்றுதான் உள்ளே போய்ச் சேர்ந்தேன்.