மேற்கிலிருந்து வந்த காலை வெயில்

காலை எட்டு மணி பத்து நிமிடம். கட்டி முடியும் நிலையிலிருந்த ஐந்து மாடி ஹோட்டலின் மேற்குச் சுவரில், மேல் மூன்று மாடிகளிலும் வெயில் விழுந்திருந்தது.

கட்டட வேலைக்குப் புதிதாக வந்திருப்பவர்கள் இந்த வரியை இன்னொரு முறை வாசிக்கவும். காலை நேரம், மேற்குச் சுவர். அன்றும் கிளிநொச்சியில் சூரியன் கிழக்கில்தான் உதித்திருந்தது. சைற்றுக்குள் நுழைந்தபோது அது என் கண்ணில் குத்தியது. கட்டடத்தைச் சுற்றிப் பின்பக்கம் போனால் அங்கேயும் ஒன்று குத்தியது.

மூன்றாம் மாடிப் பல்கனியில் மேசன் சேகர் நின்றார். அவருடைய நிழல் அவருக்குப் பின்னால், கிழக்குப் பக்கமாக, சுவரில் கிடந்தது.

"ஓவசியர் ஐயா, மேல வாங்க. இன்னொரு சூரியன் வந்திருக்குங்க. இதுக்கும் பில் வருமா?"

மேலே போனேன். எதிரே, முப்பது அடி தள்ளி, எட்டுமாடியின் பின்சுவர். சில வாரங்களாக அதைப் பச்சை வலையால் மூடி வைத்திருந்தார்கள். பெயின்ற் அடிக்கிறோம் என்றுதான் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வலையைக் கழற்றிவிட்டார்கள். உள்ளே பெயின்ற் இல்லை. மேலிருந்து கீழ்வரை அலுமினியத் தகடு. எங்கள் தொழிலில் கிளாடிங் என்போம். கண்ணாடிபோல மினுங்கியது. அதற்குள் எங்கள் ஹோட்டல் தெரிந்தது. சேகர் தெரிந்தார். வாய் திறந்தபடி ஓர் ஓவசியரும் தெரிந்தார்.

எட்டுமாடியின் கணக்கு

எட்டுமாடி என்பது கட்டடத்தின் பெயர். ஏ-9 வீதியில் வரும் பஸ் கொண்டக்டர்கள் "எட்டுமாடி இறங்குங்கோ" என்பார்கள். முகவரி சொல்பவர்கள் எட்டுமாடிக்கு முன்னால், எட்டுமாடிக்குப் பின்னால் என்பார்கள். வன்னியில் அவ்வளவு உயரமாகத் துணிக்கடை வைத்தவர் கனகசபை முதலாளி ஒருவர்தான்.

நான் நீர்ப்பாசன வேலைகளை மேற்பார்க்கும் ஓவசியராக இருந்த காலத்தில் ஒரு பத்திரிகைக்கும் ஊர்ச் செய்தி எழுதிவந்தேன். கடை திறந்த அன்று படியேறி எண்ணினேன். ஏழு மாடி. அப்படியே எழுதினேன். அடுத்த நாள் முதலாளி போன் எடுத்தார்.

"தம்பி, மேலை லிஃப்ற் மோட்டரும் தண்ணித் தாங்கியும் இருக்கிற அறை, அது என்ன ஆகாயமோ?"

"அது அறை, ஐயா. மாடி இல்லை."

அதற்குப் பிறகு நெடுநாள் அவர் எனக்கு முகம் கொடுக்கவில்லை.

அவருடைய தங்கை மங்கையர்க்கரசி. ஊரில் மங்கை அக்கா என்றால் தெரியும். அரிசி மில் நடத்துகிறா. தகப்பன் காணியைப் பிரித்தபோது வீதிப் பக்கம் அண்ணனுக்கும் பின்பக்கம் தங்கைக்கும் போனது. அந்தப் பின்காணியில்தான் ஹோட்டல் எழும்பியது. நான் ஓய்வுபெற்ற பிறகு ஏற்ற முதல் தனியார் வேலை அது.

மின்சாரத்தைக் குறைவாகக் குடிக்கும் ஹோட்டல் வேண்டும் என்பதுதான் மங்கை அக்காவின் ஒரே நிபந்தனை. மில்லின் பில்லைக் கட்டிக் கட்டி அவாவுக்குப் புத்தி வந்திருந்தது. இரட்டைச் சுவர், நடுவில் காற்று இடைவெளி. வெள்ளைக் கூரை. அதன்மேல் சோலார் தகடுகள். மேற்குப் பக்க அறைகளுக்கு ஏசியே இல்லை; மின்விசிறி மட்டும். மேற்கு வெயில்தானே கொடியது, அங்கே எப்படி ஏசி இல்லாமல்? பிளான் வரைந்த பெண், எட்டுமாடியின் நிழலைக் கணக்கில் எடுத்திருந்தா. பிற்பகல் இரண்டரை தாண்டினால் அந்த நிழல் எங்கள் மேற்குச் சுவரில் ஏறத் தொடங்கும். சோலார் தகடுகளையும், ஏழு மாடி நிழல் பிற்பகல் நாலரைவரை எட்டாத பக்கமாகப் பார்த்துப் போட்டோம்.

வங்கி பசுமைக் கடன் கொடுத்திருந்தது. கொழும்பிலிருந்து பரிசோதகர் வந்து ஏசி இல்லாத அறைகளின் சூட்டை அளந்து, சரி என்று எழுதினால்தான் கடைசித் தவணை. அளவு பிழைத்துப்போனால் எல்லா அறைக்கும் ஏசி போடவேண்டும், பெரிய டிரான்ஸ்ஃபோர்மர் எடுக்கவேண்டும். அதற்கு மங்கை அக்காவிடம் ஈடு வைக்க இருந்தது மில் ஒன்றுதான். பரிசோதகர் வருவதற்கு எட்டு நாள் இருந்தது.

கழுவிய முதுகு

மங்கை அக்கா ஸ்கூட்டரில் வந்தா. மேலே ஏறினா. கையைக் கண்ணுக்கு மேல் வைத்துப் பார்த்தா. உடனே கீழே இறங்கினா.

"ஓவசியர், வாருங்கோ. எனக்குச் சாட்சி வேணும்."

எட்டுமாடியின் முன்வாசலால் போனோம். முன்சுவரைக் கவனித்தேன். பழைய பெயின்ற், அங்கங்கே பொருக்குக் கிளம்பியிருந்தது. வீதியில் போகிறவர்கள் பார்க்கும் சுவருக்குப் பழைய பெயின்ற். எவரும் பாராத பின்சுவருக்குப் பளபளக்கும் தகடு. செய்தி எழுதுகிறவனுக்கு அதற்கு மேல் ஆதாரம் தேவையில்லை.

கனகசபை முதலாளி அறையில் ஏசியைக் கூட்டிவிட்டு, தோளில் சால்வையைப் போர்த்திக்கொண்டு இருந்தார்.

"அண்ணை, பின்சுவருக்கு என்ன செய்து வைச்சிருக்கிறியள்?"

"கட்டடத்துக்கு முகம் கழுவினனான்."

"முகம் றோட்டுப் பக்கமெல்லோ இருக்குது. நீங்கள் கழுவினது முதுகை."

"முதுகும் என்ரை முதுகுதானே. தகடு பூட்டினா உள்ளுக்கு வெக்கை குறையுமாம். நீ மட்டுமோ கரண்ட் மிச்சம் பிடிக்கிறது?"

"உங்கடை வெக்கை முழுக்க என்ரை ரூமுக்கை வருது."

"நிழல் வரேக்கை கேளாமல் எடுத்தனியெல்லே? இப்ப வெயிலையும் எடு."

விசயம் அப்போதுதான் எனக்கு முழுதாக விளங்கியது. வலை கட்டுவதற்குக் கொஞ்சம் முந்தி ஒரு பூப்புனித நீராட்டு விழாவில், சொந்தபந்தம் எல்லாம் இருக்க, "அண்ணையின்ரை கட்டடம்தான் எனக்கு ஓசி ஏசி" என்று மங்கை அக்கா சொல்லியிருக்கிறா. பந்தி முழுக்கச் சிரித்திருக்கிறது. முதலாளி பாயசத்தை வைத்துவிட்டு எழும்பிப் போயிருக்கிறார்.

"இப்ப என்ன செய்யவேணும் எண்டு சொல்லுங்கோ," என்றா மங்கை அக்கா.

"திறப்பு விழாக் கல்லிலை என்ரை கட்டடத்தையும் போடு. இந்த ஹோட்டலுக்கு நிழல் குடுக்கிறது அதுதான் எண்டு நாலு பேர் வாசிக்கட்டும். தகட்டை நான் மங்கச் செய்யிறன்."

"கல்லு என்ரை. அதிலை என்ன எழுதுறது எண்டு நான் பாத்துக்கொள்ளுறன்."

"அப்ப வெயில் என்ரை. அது எங்கை விழவேணும் எண்டு நான் பாத்துக்கொள்ளுறன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஓவசியர், நீரும் வந்து நிக்கிறீர். திரும்ப மாடி எண்ண வந்தனீரோ?"

நான் சாட்சி மட்டும் என்றேன்.

மிளகாய்

திரும்பி வந்து வழி தேடினோம். தென்னோலைக் கிடுகு பின்னி ஐந்து மாடி உயரத்துக்கு ஒரு வேலி கட்டலாமா என்று சேகர் கேட்டார். கட்டலாம். ஆனால் இரண்டு கட்டடங்களுக்கும் நடுவால் வரும் தென்மேற்குச் சோளகக் காற்றுக்குத்தான் மேற்கு யன்னல்களை வைத்திருந்தோம். வேலி வெயிலோடு காற்றையும் மறிக்கும். பிரதேச சபைக்கு எழுதலாமா என்று நான் கேட்டேன்.

"எழுதலாம். பக்கத்து வளவு வெயில் என்ரை வளவுக்கை வருது எண்டு எழுதுங்கோ," என்றா மங்கை அக்கா. "வாசிச்சுப்போட்டு ஆள் அனுப்புவினம், எனக்குச் சுகமோ எண்டு பாக்க."

நேரம் போகப் போக வெயில் சுவரில் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. பத்தரை மணிக்கு அது நடுமுற்றத்துக்கே வந்துவிட்டது. சிறிது நேரத்தில் ஹோட்டலுக்கு மேலால் உண்மையான சூரியனும் எட்டிப் பார்த்தது. மங்கை அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு முற்றத்துச் சீமெந்தில் காலை வைத்தா. உடனே தூக்கினா. மறுபடி வைத்தா. எதிரே எட்டுமாடியின் பின்கதவு திறந்து கிடந்தது. துணி மூட்டைகள் அந்தக் கதவால்தான் உள்ளே போகும்; கடை திறந்திருக்கும்வரை அதுவும் திறந்திருக்கும்.

"சேகர், நெடுங்கேணியிலை உம்மடை மச்சான் மிளகாய் போட்டவரெல்லே? பழம் ஆய்ஞ்சிட்டாரோ?"

"ஆய்ஞ்சு வச்சிருக்காருங்க. காயப் போட எடமில்லேன்னு சொல்லிக்கிட்டு இருந்தாரு."

"இடம் இருக்கு எண்டு சொல்லும். ரெண்டு சூரியன் இருக்கு எண்டும் சொல்லும்."

அடுத்த நாள் ட்ராக்டர் வந்தது. படங்கு விரித்து முற்றம் முழுக்கச் சிவப்பாகப் பரப்பினார்கள். நெடுங்கேணியில் ஒரு கிழமை எடுக்கும் மிளகாய் எங்கள் முற்றத்தில் மூன்றாம் நாளே கலகலத்தது. காலையில் காற்று விழுந்திருக்கும் நேரம் பார்த்துச் சேகரின் ஆட்கள் வலிச்சான் கட்டையால் கிளறினார்கள். எட்டுமாடியின் படிக்கட்டுக் கூண்டு நல்ல புகைபோக்கி. கீழே பின்கதவால் எது போனாலும் மேலே இழுத்துக்கொண்டு போகும். மேலே மூன்றாம் மாடியில் கூறைச் சேலைப் பகுதி. அது கலியாணக் காலம்.

பரிசோதகர் வரும் திகதியைச் சொல்லிவைக்க நான் முதலாளியிடம் போயிருந்தேன். அவர் மூன்றாம் மாடியில் நின்றார். தண்ணீரூற்றுக் கிராமத்திலிருந்து ஒரு கலியாண வீட்டார் கூறை எடுக்க வந்திருந்தார்கள். நல்ல நேரம் பார்த்து, கலியாணப் பொம்பிளையின் மாமி சேலையில் கை வைத்தா. பொம்பிளை தும்மினா.

கூறையில் கை வைக்கும் நேரம் தும்மல் கூடாத சகுனம். மாமி கையை எடுத்துவிட்டா.

"கொஞ்சம் தண்ணி குடியுங்கோ, இருந்து எடுப்பம்," என்றார் முதலாளி. தண்ணீர் வந்தது. மாமி இரண்டாம் முறை கை வைத்தா. இந்த முறை மாப்பிள்ளையின் தகப்பன், அடுத்தடுத்து இரண்டு.

"சரிவராது. வேறை கடை பாப்பம்," என்றா மாமி.

"அம்மா, இது மிளகாய்த் தும்மல். கணக்கிலை இல்லை!"

"தும்மல் தும்மல்தான் முதலாளி. எதாலை வந்தது எண்டு கேட்டுக்கொண்டோ வருது?"

அவர்களைத் தடுக்க வாயைத் திறந்த முதலாளியும் தும்மினார். படியிறங்கும்போது அந்த மாமி என்னைப் பார்த்து, "முதலாளியே தும்முறார், பாருங்கோ," என்று சொல்லிவிட்டுப் போனா.

அவர் பின்கதவால் முற்றத்துக்கு வந்தபோது மூக்கு மிளகாய் நிறத்தில் இருந்தது. மங்கை அக்கா படங்கின் ஓரத்தில் கதிரை போட்டு இருந்தா.

"தங்கச்சி, உதை அள்ளு."

"இன்னும் காயேல்லை அண்ணை. வெயில் சும்மா வருது, விடலாமோ?"

"ரெண்டு நாளா ஒரு கூறை விக்கேல்லை."

"எனக்கு இந்த ரூம் பிழைச்சா மில்லே போகும், அண்ணை."

மில் போகும் என்பது முதலாளிக்கு அதுவரை தெரிந்திருக்கவில்லை என்று அவர் முகத்தைப் பார்த்து நினைத்தேன். சால்வையால் மூக்கைத் துடைத்தார்.

"தகட்டை மங்கச் செய்யிறன். நாளைக்கே. ஆனா கல்லு?"

மங்கை அக்கா கதிரையிலிருந்து எழும்பினா. "சரி, கல்லிலை போடுறன். வாசகத்தை ஓவசியர் எழுதட்டும். பேப்பருக்கு எழுதின மனுசன்."

முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார். "வடிவாய் எழுதுவீரோ?"

"பிழையில்லாமல் எழுதுவன், ஐயா."

மிளகாயை அன்று பின்னேரமே அள்ளினோம்.

கல்

அவருடைய தகட்டை எங்கள் ஆட்கள்தான் தேய்த்தார்கள். எட்டுமாடியில் தகடு பூட்டக் கட்டிய சாரம் இன்னும் நின்றது நல்லதாய்ப் போயிற்று. சாண்ட் பேப்பர் பிடித்துத் தேய்க்கத் தேய்க்கத் தகடு யானைத்தோல் நிறத்துக்கு வந்தது. சனி, ஞாயிறும் வேலை. முதலாளி கீழே நின்று, "அங்கை ஒரு மூலை மினுங்குது, சேகர்!" என்று கத்திக்கொண்டிருந்தார். தன் வெயிலைத் தானே தேய்ப்பிக்கிறார் என்பது அவருக்கு மறந்துபோயிருந்தது.

பரிசோதகர் காலையில் ஒருமுறையும் பிற்பகலில் ஒருமுறையும் அளந்தார். இரண்டும் அளவுக்குள் நின்றன. கையெழுத்து வைத்துவிட்டு யன்னலால் எதிரே பார்த்து, "உங்கட பெரிய ஏசி அங்க நிக்குது," என்றார். பக்கத்தில் நின்ற கனகசபை முதலாளி சேட் கொலரை இழுத்துச் சரிசெய்துகொண்டார். மங்கை அக்கா வாயைக் கட்டுப்படுத்திக்கொண்டு நின்றா. கடைசித் தவணை வரும்வரை அவா எதற்கும் தயார்.

இளையவர்களுக்கு இந்த வேலையிலிருந்து நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். பக்கத்துக் கட்டடத்தின் நிழலைப் பிளானில் போடுமுன் அதன் சொந்தக்காரரிடம் போய்த் தேநீர் குடியுங்கள். சுவர் மாறாது என்று நம்பித்தான் நாங்கள் கோடு போடுகிறோம். சுவருக்கு ஒரு முதலாளி இருக்கிறார். அவருக்குத் தங்கையும் இருக்கலாம்.

திறப்பு விழாவன்று கல்லின் திரையை விலக்கியவர் கனகசபை முதலாளியே. பட்டு வேட்டி கட்டியிருந்தார். தங்கை கேட்டுக்கொண்டபடி உரத்து வாசித்தார்.

"இந்த ஹோட்டலின் மேற்குப் பக்கத்துக்கு நிழல் தருவது அண்ணன் கனகசபையின் ஏழு மாடிக் கட்டடம்."

"ஏழு" என்ற இடத்தில் குரல் நின்றது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மனதுக்குள் இன்னொரு முறை வாசித்தார். பிறகு என்னைத் தேடினார்.

"ஓவசியர், உது வெட்டினவன் விட்ட பிழையோ?"

"இல்லை, ஐயா. எண்ணினது."

"உவரை நான் அண்டைக்கே..." என்று தொடங்கியவரை மங்கை அக்கா மறித்தா.

"நிழல் ஏழு மாடிக்குத்தானே அண்ணை விழுது. வேணுமெண்டா இன்னொண்டு கட்டுங்கோ. கல்லை மாத்துறன்."

சனம் சிரித்தது. முதலாளி சிரிக்கவில்லை. ஆனால் இந்த முறை பாயசத்தைக் குடித்து முடித்துவிட்டுத்தான் போனார்.

இந்த மாதம் எட்டுமாடியில் எட்டாவது மாடிக்குச் சுவர் எழும்பியது. நேற்றுப் பிற்பகல் மூன்றரை மணிக்கு அதன் நிழல் எங்கள் கூரையில் முதல் வரிசைச் சோலார் தகடுகளைத் தொட்டது.