உட்காராத கொமாத்ரே

டென்ச்சா காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டு பிறந்தவள் என்று திராட்சைத் தோட்ட ஊரான டெலானோவில் சொல்வார்கள். ஹோர்டென்சியா என்ற முழுப்பெயரைக் கோவிலில் பாதிரியார் மட்டும்தான் கூப்பிடுவார். திராட்சைக் கொட்டகையில் பெட்டி அடுக்கிய காலத்தில், மேஸ்திரி அவளைக் காட்டித்தான் மற்றவர்களைத் திட்டுவான். பிறகு கொட்டகைக்கு இயந்திரம் வந்தது. அது அவளைவிட வேகம். ஆட்குறைப்பில் முதலில் வெளியே போனவளும் அவள்தான்.

அப்படி வேலையில்லாமல் தெருத்தெருவாக அலைந்துகொண்டிருந்தவளைத்தான் கோல்ட்டன் பிடித்தான். வீட்டுக் கூரையில் சோலார் தகடு போடும் கம்பெனியின் ஆள். வெள்ளைப் பல்லும் வெள்ளை டிரக்குமாகத் திரிபவன். ஸ்பானிஷ் பேசத் தெரிந்த, எல்லா வீட்டிலும் கதவு திறக்கிற ஒரு முகம் அவனுக்கு வேண்டியிருந்தது. பளபளக்கும் பச்சை மேலங்கி ஒன்றும், கழுத்தில் தொங்கவிட ஓர் அட்டையும் கொடுத்தான்.

"இதைப் போட்டா கரண்ட் கம்பெனி ஆளு மாதிரி இருக்கே" என்றாள் அவள்.

"அப்படின்னு நாம சொல்லலியே. அவங்களா நினைச்சுக்கிட்டா நாம என்ன பண்றது?" என்று கண்ணடித்தான்.

சொல்ல வேண்டியதையும் அவனே சொல்லிக்கொடுத்தான். இது அரசாங்கத் திட்டம், ஒரு பைசா செலவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. தகடு ஏறிவிட்டால் அப்புறம் கரண்ட் பில்லே வராது. எல்லாம் இந்த வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. அந்தக் கோடை முழுவதும் டெலானோவில் அந்த வெள்ளிக்கிழமை வந்து தொலையவே இல்லை. ஆனால் ஒன்று சொல்லித்தான் ஆகவேண்டும். அவள் அதையெல்லாம் நம்பினாள். நம்பியதால்தான் அவள் சொன்னது எடுபட்டது.

அந்த நம்பிக்கை தோர்த்தியா ரொட்டிக் கடை வரிசையில் போயிற்று. முன்னால் நின்ற எவரிஸ்டோ திரும்பினார். மனைவியை இழந்த கிழவர். தகடு போட அவள் பிடித்துக்கொடுத்த முதல் ஆள்.

"கரண்ட் பில்லும் வருதும்மா, தகட்டுக்கும் மாசாமாசம் கட்டுறேன். முன்னாடி ஒரு பில்லுப் பேயோட குடும்பம் நடத்தினேன், இப்ப ரெண்டு" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வீட்டை வித்துட்டு மக கூட போயிடலாம்னு பாத்தேன். வீட்டு மேல கடன் பதிவாகியிருக்காம். அது தீராம விக்க முடியாதாம். கடன்னு நீ சொல்லலியே, தாயி."

அவர் கத்தியிருந்தால் தேவலை. கத்தாமல் சூடான பொட்டலத்தை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு போய்விட்டார்.

கோல்ட்டனிடம் கேட்டாள். "வயசானவங்களுக்குக் கணக்கு புரியாது, வெயில்காலம் போனா சரியாயிடும். இன்னைக்கு சாயங்காலம் ரூஃபினா வீடுதானே?" என்றான்.

ரூஃபினா. அந்தப் பெயரைப் போன வாரமே அவள் கொடுத்திருந்தாள். ரூஃபினாவின் மகளுக்கு ஞானத்தாய் டென்ச்சாதான். குழந்தையின் தாயும் ஞானத்தாயும் ஸ்பானிஷ் பேசும் அந்த மக்களிடையே கொமாத்ரேக்கள். உடன்பிறந்தவளைவிட ஒரு படி மேல். கொட்டகையில் வாடி போடி என்று சண்டை போட்ட இருவரும் ஞானஸ்நானத்தன்றிலிருந்து ஒருவரையொருவர் வாங்க போங்க என்றுதான் பேசுகிறார்கள். கொமாத்ரே கேட்டால் இல்லை என்பது கிடையாது. அவள் சொன்னதை நிஜம்தானா என்று கேட்பது கன்னத்தில் அறைவதற்குச் சமம். டென்ச்சா உலகத்தில் ஓய்ந்து உட்கார்கிற ஒரே இடமும் ரூஃபினாவின் அடுக்களை நாற்காலிதான்.

அன்று சாயங்காலம் கோல்ட்டனோடு போனபோது அந்த நாற்காலியைத்தான் ரூஃபினா கூலருக்கு நேராக இழுத்துப் போட்டாள். செம்பருத்திப் பூத் தண்ணீரை ஊற்றி வைத்தாள்.

"உட்காருங்க, கொமாத்ரே."

"பரவாயில்ல கொமாத்ரே, நேரமாச்சு."

ஜன்னலுக்கும் அடுப்புக்குமாக நடந்தாள் டென்ச்சா. நிறுத்து என்று சொல்ல வாயெடுப்பாள், வீட்டு வாடகை ஞாபகம் வரும், மறுபடி நடப்பாள். ஆங்கிலத்தில் ஒப்பந்தம் ஓடிய டேப்லட் திரையைக் கோல்ட்டன் தள்ளித் தள்ளிக் காட்டினான். ரூஃபினா அதைப் பார்க்கக்கூட இல்லை. காட்டிய இடத்திலெல்லாம் விரலால் கையெழுத்துப் போட்டாள். முதுகு ஒடியத் திராட்சை பறித்துத் தவணை கட்டி முடித்த வீடு அது.

"இப்ப ஆபீஸ்லேர்ந்து ஒரு பொண்ணு போன் பண்ணுவா" என்றான் கோல்ட்டன். "எல்லாத்துக்கும் ஆமான்னு சொல்லச் சொல்லு. பில் வராது, இலவசம்னு யாராவது சொன்னாங்களான்னு கேட்டா மட்டும் இல்லைன்னு சொல்லணும். மாத்திச் சொன்னா எல்லாம் நின்னுபோயிடும்."

டென்ச்சா அதை ஸ்பானிஷில் சொன்னாள்.

போன் மணி அடித்தது. ஸ்பீக்கரில் நல்ல சுத்தமான ஸ்பானிஷ். "இந்தப் பேச்சு பதிவாகுது. இது இருபத்தஞ்சு வருஷக் கடன், உங்க வீட்டு மேல பதிவாகும். புரியுதுங்களா?"

கடன் என்ற சொல்லை அந்த வீட்டில் அப்போதுதான் முதல்முறையாக ஒருவர் உச்சரித்தார். ரூஃபினா தலை நிமிர்ந்து டென்ச்சாவைப் பார்த்தாள். பிறகு, "புரியுதும்மா" என்றாள்.

"கரண்ட் பில் இனிமே வராதுன்னோ, இது அரசாங்கத்தோட இலவசத் திட்டம்னோ யாராவது உங்ககிட்ட சொன்னாங்களா?"

கேள்வி வரிசை மனப்பாடமான கோல்ட்டன் இல்லை என்று தலையாட்டினான். அவன் முதுகுக்குப் பின்னால் டென்ச்சாவின் நடை நின்றது. சொன்னாங்கன்னு சொல்லுங்க என்று சத்தமில்லாமல் வாயசைத்தாள். ஆமாம் ஆமாம் என்று கழுத்து வலிக்கத் தலையாட்டினாள். ரூஃபினா அதைக் கண்ணெடுக்காமல் பார்த்தாள்.

"இல்லம்மா. அப்படி யாரும் சொல்லல" என்றாள் போனில்.

கோல்ட்டன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு, அடுத்த வீட்டுக்குப் போன் பேச டிரக்குக்குப் போனான்.

"நான் தலையாட்டினதைப் பாக்கலியா, கொமாத்ரே?"

"பாத்தேன்."

"அப்புறம் ஏன்?"

"பதிவாகுதுன்னு சொன்னாளே. யார் சொன்னாங்கன்னு அடுத்து கேப்பா. உங்க பேரைச் சொல்லணுமா நான்?"

"நான் சொன்னது பொய்னு தெரியுமா உங்களுக்கு?"

"என் வீட்டுக்கு வந்து நீங்க நின்னதே கிடையாது. இன்னைக்கு உட்காரல. அப்பவே தெரியும்."

"தெரிஞ்சுமா கையெழுத்துப் போட்டீங்க?"

ரூஃபினா கண்ணாடிக் குவளையைத் துணியால் துடைத்தாள். துடைத்ததையே திரும்பவும் துடைத்தாள்.

"நீ கேட்டியேடி, டென்ச்சா" என்றாள்.

எத்தனையோ வருடம் கழித்து வந்த அந்த 'டி' டென்ச்சாவை உட்காரவைத்துவிட்டது. அந்த நாற்காலியிலேயே ஓவென்று அழுதாள். எவரிஸ்டோ கதையிலிருந்து எல்லாவற்றையும் கொட்டினாள். அழுது முடித்ததும் மூக்கைச் சிந்திவிட்டுக் காகிதம் கேட்டாள். கையெழுத்துப் போட்ட சில நாளுக்குள் வேண்டாம் என்று எழுதி அனுப்பினால் ஒப்பந்தம் செல்லாது. கோல்ட்டன் ஒரே மூச்சில், யார் காதிலும் விழாதபடி முணுமுணுத்துவிட்டுப் போகிற விஷயம் அது. அவளே எழுதினாள், ரூஃபினா கையெழுத்துப் போட்டாள். இந்த முறை படித்துப் பார்த்துவிட்டுத்தான் போட்டாள்.

பச்சை மேலங்கியைக் கழற்றி நாற்காலியில் மாட்டிவிட்டு டென்ச்சா எழுந்தாள்.

"எவரிஸ்டோவுக்கும் இப்படி எழுதலாமா?" என்று கேட்டாள் ரூஃபினா.

"அவருக்கு நாள் கடந்துடுச்சு கொமாத்ரே. புகார்தான் கொடுக்கணும். அந்தப் பொய்யைச் சொன்னது நான்தான்னு நானே சாட்சி சொல்றேன். அதை அவர்கிட்ட சொல்லப் போறேன். அப்புறம் மத்த வீடுங்க இருக்கு."

வெளியே டிரக்கிலிருந்து ஹாரன் சத்தம் கேட்டது. ரூஃபினா அடுப்பை அணைத்துவிட்டுச் செருப்பைத் தேடினாள்.

"நீங்க எங்க வர்றீங்க?"

"தனியாப் போனா வாசல்லயே நின்னு பேசிட்டு ஓடிவந்துடுவீங்க" என்றாள் ரூஃபினா. "அவர் வீட்டுல நீங்க உட்காரணும்."