உள்ளங்கைச் சூடு

மேகலா இரண்டு உள்ளங்கைகளையும் பரபரவென்று தேய்த்துத் தன் கன்னத்தில் வைத்துப் பார்க்கிறாள். சூடு போதவில்லை, மறுபடி தேய்க்கிறாள். "ஜில்லுன்னு கை வச்சா புள்ள விறைச்சுக்கும். அப்பறம் நாம பாக்குறது புள்ளையோட இறுக்கமில்ல, நம்ம கையோட குளிரு" என்பது நீடாமங்கலத்தில் அந்தச் சிறப்புக் குழந்தைகள் மையத்துக்கு வரும் தாய்மார் எல்லோரும் கேட்டாக வேண்டிய பாட்டு. சித்திரை வெயிலிலும் இந்தக் கூத்து உண்டு.

பிசியோதெரபி அவள் வேலை. மூளைவாதம் உள்ள குழந்தையின் முழங்காலை முதலில் மெல்ல நீட்டுவாள், பிறகு வேகமாக. அந்த வேகத்தில் தசை எங்கே பிடிக்கிறது, எவ்வளவு முரண்டுகிறது என்று பார்த்துப் இறுக்கத்துக்குப் பூச்சியத்திலிருந்து நான்குக்குள் ஓர் எண் சொல்வாள். அப்போது கூரையைத்தான் பார்ப்பாள். தாயின் முகத்தைப் பார்த்தால் குறைத்துச் சொல்லிவிடுவோமோ என்று பயம்.

இன்று செம்மொழியின் முறை. ஐந்து வயதுக்காரி. போன தடவை மூன்று. இன்றும் மூன்றென்றால் தஞ்சாவூருக்குப் போய்த் தசையைத் தளர்த்தக் காலில் ஊசி போட்டாக வேண்டும். இரண்டு என்று சொல்ல மேகலாவுக்கு அத்தனை ஏக்கம். அவள் ஏங்கி என்ன, தசை கேட்க வேண்டுமே.

தாய் சுவேதா குழந்தையைத் தூங்கவைத்தே தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள்.

"தயிர்சாதம் ஊட்டி, பஸ்ஸுல தூங்க வச்சுட்டேன் மேடம். இப்பப் பாருங்க, காலு வெண்ணெயாட்டம் இருக்கு."

மேகலாவுக்குச் சிரிப்பு வந்தது. "தூக்கத்துல இளகத்தாம்மா செய்யும். முழிச்சப்பறந்தான் பாக்கணும்."

"தெரியுங்க. நம்பரு கெடக்கட்டும். எம்புள்ள காலு நேரா இருந்து நீங்க பாத்ததேயில்லல்ல?"

பாயில் கிடத்தினார்கள். மேகலா முழங்காலைத் தாங்கி மெதுவாக நீட்டினாள். எங்கும் பிடிக்காமல் நீண்டது. தெருவில் ஓடும் எந்தப் பிள்ளையின் காலைப் போலவும்தான் இருந்தது. விழித்திருக்கும்போதும் இப்படியே கிடக்கக் கூடாதா என்றிருந்தது அவளுக்கு. சுவேதா வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தையை எழுப்ப வேண்டும். எழுப்ப இருவருக்கும் மனம் வரவில்லை.

தூரத்தில் ரயில் ஊதுவது கேட்டது. மையத்தை ஒட்டிய ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் இன்னொரு தடவை ஊதும். அந்தச் சத்தத்தில் குழந்தை விழித்துக்கொள்ளும். மேகலா அவசரமாக உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கி, செம்மொழியின் இரு காதுகளையும் பொத்தினாள்.