கொதித்த கம்பளி

மகள் என் ஸ்வெட்டரை வெந்நீரில் துவைத்துவிட்டாள். வாஷிங் மெஷினிலிருந்து எடுத்தால் பொம்மைச் சட்டை. அந்த ஈரக் கம்பளி வாசனை மூக்கில் ஏறியதும் மீஞ்சூரில், எட்டு வயசில் நிற்கிறேன்.

எல்லையில் சண்டை நடந்த மார்கழி. எங்கள் தெருப் பெண்கள் ஜவான்களுக்காகப் பத்து ஸ்வெட்டர் பின்னினார்கள். அவர்களைக் கூட்டிச் சேர்த்தவள் எதிர்வீட்டு அமுதா அக்கா. அவள் புருஷன் பனிமலையில் காவலில் இருந்தார். மீன் கழுவிய கையோடு ஊசி பிடித்தவர்கள். ஒருத்தியும் அதுவரை கம்பளியைத் தொட்டதில்லை.

கடைசி நாள் அக்கா ஒன்றை முகர்ந்து பார்த்தாள். "கருவாட்டு வாடையோடயா அனுப்புறது? அவங்க இன்னா நெனப்பாங்க?"

சோடா உப்புப் போட்டு எல்லாவற்றையும் அண்டாவில் கொதிக்க வைத்தார்கள். அடுப்பில் விறகு தள்ளியது நான்தான்.

வெளியே எடுத்தபோது பத்தும் என் அளவுக்குச் சுருங்கியிருந்தன. அம்மா ஒரு பக்கமும் அக்கா ஒரு பக்கமும் பிடித்து இழுத்தார்கள். கொஞ்சமும் நீளவில்லை.

"இன்னாடி பண்றது? காலையில இத எடுத்துக்கினு போவ வண்டி வந்துடுமே" என்றாள் அம்மா. அக்கா இழுத்துக்கொண்டே இருந்தாள்.

வண்டி வெறுமனே திரும்பிப் போனது.

சித்திரையில் அக்கா புருஷன் கோல் ஊன்றி வந்து இறங்கினார். பனியில் கால்விரல்கள் போயிருந்தன. வாசலிலேயே அக்கா கேட்டாள்: "ஸ்வெட்டர் குடுத்தாங்களா?"

"எல்லாம் குடுத்தாங்கம்மா" என்றார். கடைசிவரை அவள் அதை நம்பவேயில்லை.

"வுடும்மா, வேற வாங்கிக்கலாம்" என்கிறாள் மகள்.

நான் இன்னும் ஸ்வெட்டரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறேன்.