காக்கையின் பானையும் ஒரு லிட்டர் தண்ணீரும்

என் வீட்டுக்காரரின் பாதத்தில் செருப்பு வார் பதிந்த தடம்தான் முதல் அறிகுறி. வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றி ஒரு மணி நேரம் ஆகியும் அது மறையவில்லை. சின்ன வாய்க்கால் மாதிரி கிடந்தது. கிழக்கேகோட்டைப் பக்கம் ஒரு ஹோட்டலில் அவர் பரோட்டா மாஸ்டர். நாள் முழுக்க நிற்கிற கால் வீங்கத்தான் செய்யும் என்றார்.

நான் நம்பவில்லை. நான் எதையும் லேசில் நம்புகிறவள் இல்லை. கேஸை மூடியதை மூன்று தடவை திரும்பிப் போய்ப் பார்ப்பேன். ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் அது நம் வீட்டுக்குத்தான் என்று நினைப்பேன். இத்தனை வருஷத்தில் என் பயம் பலித்தது அந்த ஒரு தடவைதான்.

பத்து நாளில் அவரால் மல்லாந்து படுக்க முடியாமல் போனது. படுத்தால் மூச்சு முட்டியது. பெரிய ஆஸ்பத்திரியில் எக்கோ (இதயம் சுருங்கி விரிவதைப் படமாகக் காட்டும் பரிசோதனை) எடுத்தார்கள். இதயச் செயலிழப்பு என்றார்கள். அந்த வார்த்தையைக் கேட்டு நான் வராந்தாவிலேயே உட்கார்ந்துவிட்டேன். இதயம் நின்றுபோவது என்று அதற்குப் பொருள் இல்லை. பம்பு தளர்ந்துவிட்டது, அவ்வளவுதான். தள்ள முடியாத நீர் காலிலும் நுரையீரலிலும் தேங்குகிறது. இதை டாக்டர் எனக்கு இரண்டு தடவை சொல்லவேண்டியிருந்தது. உங்களிடமும் யாராவது இந்த வார்த்தையைச் சொன்னால், உட்காருவதற்கு முன்னால் பொருளைக் கேட்டுவிடுங்கள்.

டையூரடிக் (உடம்பில் தேங்கிய நீரைச் சிறுநீராக வெளியேற்றும் மருந்து) ஊசி வழியாகப் போனது. குடிக்க ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் தண்ணீர், அதற்கு மேல் கூடாது. இருபத்தெட்டு வருஷம் பரோட்டாக் கல் முன்னால் நின்றவர். பக்கத்தில் எப்போதும் ஒரு ஜக்கு இருக்கும். அண்ணாந்து ஊற்றினால் பாதி ஜக்கு இறங்கும். அவருக்கு ஒரு லிட்டர்.

மலையாளம் பேசுகிற இந்த ஊர் ஆஸ்பத்திரியில் நோயாளியோடு தங்குகிறவரைக் கூட்டிரிப்பு என்பார்கள். பாதி நர்ஸ் வேலை அவர்கள் தலையில்தான் விழும். கட்டிலின் கால்மாட்டில் ஒரு தாளை மாட்டிவிட்டு சிஸ்டர் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். ஒரு பக்கம், உள்ளே போனது. மறு பக்கம், வெளியே வந்தது. குடித்தால் அளந்து எழுத வேண்டும். சிறுநீரைக் கோடு போட்ட பிளாஸ்டிக் குவளையில் பிடித்து அதையும் எழுத வேண்டும்.

நான் ஏழாம் வகுப்போடு நின்றவள். சாலைக் கடைத்தெருவில் ஒரு மொத்தக் கடையில் மிளகாயும் மல்லியும் தரம் பிரிக்கிற வேலை. என்னை நம்பி ஒருவர் தாளும் பேனாவும் கொடுத்தது அதுவே முதல் தடவை. பெருமையாக இருந்தது. முதல் நாள் கஞ்சியை நான் எழுதவில்லை. கஞ்சி சாப்பாடுதானே என்று நினைத்தேன். மத்தியானம் சிஸ்டர் கிண்ணத்தைச் சாய்த்துக் காட்டி, “சேச்சி, இதில் சோறு எவ்வளவு, வெள்ளம் எவ்வளவு?” என்று கேட்டார். கிண்ணத்தில் முக்கால்வாசி தண்ணீர்தான். அதற்குப் பிறகு கஞ்சியையும் அளந்தேன், டீயையும் அளந்தேன், மாத்திரை விழுங்குகிற மடக்கைக்கூட அளந்தேன்.

அளக்க அளக்கப் பயம் கூடியது. இருநூறு வந்தால் ஏன் முந்நூறு வரவில்லை என்று சிஸ்டரிடம் ஓடுவேன். முந்நூறு வந்தால் கிட்னி போய்விட்டதோ என்று ஓடுவேன். மூன்றாம் நாள் என்னைப் பார்த்ததும் சிஸ்டர் திரும்பி நடக்க ஆரம்பித்தார். கல்லூரி விட்டு வந்த மகள் கவிதா அதைப் பார்த்துவிட்டாள். என் போனை வாங்கி ஒரு விளையாட்டை ஏற்றித் தந்தாள்.

“அம்மா, வெறுதே இதைக் களிச்சுட்டு இரி. மனசு கொஞ்சம் அடங்கும்.”

தாகமெடுத்த காக்கைக் கதையை எல்லாரும் படித்திருப்போம். அதைத்தான் விளையாட்டாக்கியிருந்தார்கள். பானையின் அடியில் தண்ணீர். விளிம்பில் காக்கை. கீழே கொஞ்சம் கற்கள். விரலால் இழுத்துப் போட்டால் கல் விழும், தண்ணீர் ஏறும், காக்கை குடிக்கும். கேட்டால் இவ்வளவுதான். ஆனால் அந்தக் கல்லுக்குக் கனம் உண்டு. உருண்டைக் கல் உருண்டு பக்கத்தில் போய்ச் சேரும். தட்டைக் கல் பானைக் கழுத்தில் குறுக்கே மாட்டிக்கொள்ளும். ஒரு பக்கமாகப் போட்டால் பானையே சாயும். சில படிகளில் கல்லுக்குப் பதில் மரத்துண்டு தருவார்கள், அது மிதந்துகொண்டு நம்மை ஏய்க்கும். தோற்றால் ஒரு விரக்கடை அளவில்தான் தோற்போம். காக்கை தலையைச் சாய்த்து நம்மைப் பார்த்து ஒரு தடவை கரையும். அதைக் கேட்டுவிட்டு நிறுத்த என்னால் முடிந்ததில்லை.

வார்டில் நான் என்ன செய்தாலும் ஏன் அப்படி ஆகிறது என்று தெரியவில்லை. இங்கே கல் விழுந்தால் தண்ணீர் ஏறியது. சின்னக் கல்லை முதலில் போட்டு அடியை நிரப்பிவிட்டால் பானை சாயாது என்று நானாகக் கண்டுபிடித்தேன். அறுபத்து நான்காவது படியில் நின்றபோது கவிதா வாங்கிப் பார்த்து, தான் நாற்பதிலேயே விட்டுவிட்டதாகச் சொன்னாள். எனக்கு முகம் சூடாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் எந்தக் கணக்கும் என்னை அப்படி மதித்ததில்லை.

இனி எழுதப்போவதைத்தான் எழுத முடியாமல் பல தடவை நோட்டை மூடி வைத்தேன்.

அவர் தண்ணீர் கேட்பார். போனிலிருந்து கண்ணை எடுக்காமல் பிளாஸ்க்கைத் திறந்து டம்ளரில் ஊற்றிக் கொடுப்பேன். எவ்வளவு என்று பார்த்திருக்க மாட்டேன். குவளை நிறைந்தால் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்து உட்காருவேன். பிறகுதான் தாள் ஞாபகம் வரும். எழுதாமல் விட்டால் சிஸ்டர் திட்டுவாரே என்ற பயம். அந்தப் பயத்தில் நூற்றைம்பது என்று எழுதுவேன். வெளியே வந்த பக்கம் இருநூற்றைம்பது. ஒரே மாதிரி இருந்தால் சந்தேகம் வருமே என்று ஒன்றை இருநூற்றுப் பத்து ஆக்குவேன். பயந்தவளுக்குப் பொய்யைக்கூடக் கவனமாகத்தான் சொல்ல வருகிறது.

தாளில் நீர் நன்றாக வெளியேறிக்கொண்டிருந்தது. டாக்டர் சந்தோஷப்பட்டு மருந்தின் அளவைக் குறைத்தார். இரண்டு நாளில் எடை இரண்டு கிலோ கூடியது. முதலில் எடை மெஷினைச் சந்தேகப்பட்டார்கள். வேறு மெஷின் கொண்டுவந்தார்கள். அதிலும் அதே எடை.

டாக்டர் சின்ன வயசுப் பெண். தாளைக் கையில் வைத்துக்கொண்டு அவர் கட்டிலருகே நின்றார்.

“சேட்டா, எழுதியிருக்கிறது எல்லாம் கரெக்ட். ஆனா உடம்பில் வெள்ளம் கூடியிருக்கு. பாத்ரூமில் போய் ஒளிச்சுக் குடிக்கிறீங்களா? சத்யம் பறயணும்.”

என் வீட்டுக்காரர் என்னைப் பார்க்கவில்லை. போர்வையைப் பார்த்துக்கொண்டு, இல்லை என்று தலையை மட்டும் அசைத்தார். பக்கத்துக் கட்டில் ஆட்டோக்காரர், “அண்ணாச்சி, டேங்கில் எங்களுக்கும் கொஞ்சம் பாக்கி வையுங்க” என்றார். வார்டே சிரித்தது. சிஸ்டர் கூடச் சிரித்தார்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். போன் என் சேலை மடிப்பில் இருந்தது. ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னை வெளியே அனுப்பிவிடுவார்கள், என் மகள் முன்னால் கேவலமாகிவிடும் என்றெல்லாம்தான் நினைத்தேன். அவரைத் தண்ணீர்க் கள்ளன் மாதிரி நிறுத்திவிட்டு நான் என்னைப் பற்றி நினைத்தேன்.

மறுநாள் காலையில் அவருக்கு மூச்சு இழுத்தது. பேச்சு துண்டு துண்டாக வந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். நுரையீரலில் நீர் கோத்துவிட்டது என்றார்கள்.

அந்தப் பிரிவின் கதவுக்கு வெளியே இரும்பு நாற்காலிகள் வரிசையாக இருக்கும். நோயாளியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் கூட்டிரிப்பு ஓடிப்போக வேண்டும். நான் சாமியைக் கும்பிட்டேன். அழுதேன். அப்புறம் போனை எடுத்தேன். எடுத்தேன் என்று சொல்வதுகூடச் சரியில்லை, கை எடுத்திருந்தது. எழுபத்தொன்றாவது படி. பானைக் கழுத்து குறுகலானது.

யாரோ என் தோளைப் பிடித்து உலுக்கினார்கள். பக்கத்தில் இருந்த ஒரு பெண்.

“முத்தையா உங்க ஆளா? மூணு தடவை விளிச்சாச்சு.”

கதவில் டாக்டர் நின்றார். நான் ஓடினேன். என்னமோ கையெழுத்து வேண்டும் என்றார். என் கண்ணுக்குக் காகிதம் தெரியவில்லை. அவர் இறந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். இல்லை, மருந்தைக் கூட்டியிருக்கிறோம், கேட்கிறது என்றார். அந்த நிம்மதியில் வாய் திறந்துகொண்டது.

“டாக்டர், அந்தத் தாள்ல உள்ளது நான் மனசுல தோணினத எழுதினது. அவரு பாத்ரூம்ல குடிக்கல.”

எத்தனை நாளாக என்று கேட்டார். நான்கு நாள். ஏன் என்று கேட்டார். போனைத் திருப்பிக் காட்டினேன். காக்கை தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றது.

டாக்டர் போனை வாங்கிப் பார்த்தார். பரீட்சை சமயத்தில் தானும் இதை அழித்ததாகச் சொன்னார். எனக்காகச் சொன்ன பொய்யாகவும் இருக்கலாம். ஆனால் அடுத்து பேசியபோது குரலில் இரக்கம் இல்லை.

“அளக்கலன்னா அந்தக் கட்டத்தை வெறுதே விடணும், அம்மா. ஒண்ணும் எழுதலன்னா எனக்கு அறியாதுன்னு எனக்கு மனசிலாகும். நீங்க நம்பர் எழுதினா நான் அதை விசுவசிக்கும்.”

கூட்டிருக்கிற உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது இந்த ஒன்றுதான். தவறவிடுவோம். தூங்கிவிடுவோம், அழுதுகொண்டிருப்போம், காக்கைக்குக் கல் போட்டுக்கொண்டிருப்போம். அந்தக் கட்டத்தைக் காலியாக விடுங்கள். திட்டு வாங்குங்கள்.

நான்காம் நாள் அவரை வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். அதே கட்டில்தான், ஆட்டோக்காரர் குணமாகி வீட்டுக்குப் போயிருந்தார். அவரிடம் போய் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தேன், ஆள் இல்லை. அந்த வார்டில் சிரித்த ஒருவருக்கும் இன்றுவரை உண்மை தெரியாது.

இவரிடம் சொன்னேன். சாயங்காலம், ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, நீங்க திட்டு வாங்கும்போது நான் நின்னு பாத்தேன் என்றேன்.

“எனக்குத் தெரியும்ளா” என்றார்.

“என்ன தெரியும்?”

“நீ காக்காயப் பாத்துட்டு இருக்கையில கேட்டா அளக்காமத் தருவ. அந்த நேரம் பாத்துத்தான் கேப்பேன். காக்கா கத்துச்சுன்னா நீ மறுபடியும் ஆரம்பிப்ப, இன்னொரு டம்ளர் கிடைக்கும்.”

எனக்குக் கோபம் வந்தது. அப்படிக் கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்றும் தெரிந்தது. இதற்காகவா டாக்டர் கேட்டபோது தலை குனிந்தீர்கள் என்று கேட்டேன். என்னைக் காப்பாற்றத்தான் பேசாமல் இருந்தார் என்று நான்கு நாள் நினைத்து நினைத்து அழுதிருந்தேன்.

“உன்னையும்தான்” என்றார். ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு, “தாகம் எனக்குல்லா இருந்துச்சு” என்றார்.

அதன் பிறகு கை பிடித்துக்கொண்டோம் என்று எழுத ஆசையாக இருக்கிறது. அப்படி நடக்கவில்லை. நான் குவளையைக் கழுவப் போனேன்.

விளையாட்டை அழித்தேன். வீட்டுக்கு வந்த வாரம் திரும்ப ஏற்றினேன். மறுபடி அழித்தேன். இதை மூன்று தடவை செய்திருக்கிறேன். டாக்டர் சொல்லி ஆஸ்பத்திரியிலேயே ஒரு மனநல ஆலோசகரைப் பார்க்கிறேன். பதற்றநோய் (காரணம் சிறிதாக இருந்தாலும் பயம் அடங்காமல் ஓடிக்கொண்டே இருப்பது) என்று அதற்கும் ஒரு பெயர் இருக்கிறது. சிறு வயதிலிருந்தே இருந்திருக்கிறது. மிளகாய் பிரிக்கும்போது இன்னமும் சிலசமயம் கட்டைவிரல் தானாக எதையோ இழுத்துப் போடப் பார்க்கும். கூட வேலை செய்கிறவர்கள் விரலில் எரிச்சலா என்று கேட்பார்கள். ஆமாம் என்பேன்.

அவர் இப்போது கல் முன்னால் நிற்பதில்லை. அதே ஹோட்டலில் உட்கார்ந்து மாவு உருட்டிக் கொடுக்கிறார். காலையில் டீக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டுவார். கணுக்காலுக்கு மேலே எலும்பின்மேல் என் கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுப்பேன். நீர் இருந்தால் குழி விழும். குழி நிரம்புகிற வரை எண்ண வேண்டும். ஆஸ்பத்திரியில் இருந்தபோது முப்பது வரை எண்ணியதுண்டு. இன்று ஒன்று என்று சொல்வதற்குள் தோல் சமமாகிவிட்டது.

ஒரு லிட்டர் பாட்டிலைக் காலையிலேயே நிரப்பி மேசையில் வைத்துவிடுவோம். அன்றைக்கு அவ்வளவுதான். டம்ளரில் நூற்றைம்பது ஊற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு நான் எதிரே உட்காருவேன். என் கையில் ஒன்றும் இருக்காது. முன்பு போல அண்ணாந்து ஊற்றுவதில்லை. உதட்டில் வைத்து, வாயில் கொஞ்சம் வைத்திருந்து, பிறகு விழுங்குகிறார். தொண்டை ஒன்பது தடவை அசைகிறது. கடைசியில் டம்ளரைக் கவிழ்த்து ஒரு சொட்டுக்காகக் காத்திருக்கிறார். கல்யாணமாகி இருபத்து மூன்று வருஷம் ஆகிறது. ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க இவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்கு இப்போதுதான் தெரியும்.